ஒரு பரிசோதனை நாடகக் குழு ஆள் எடுத்த விதம்: நிகழ்வு ஆய்வு

குழுவில் ஆறு பேர். எழுதி முடித்த பிரதியை எடுத்து மேடையேற்றுகிறவர்கள் இல்லை. ஒரு கரு, கொஞ்சம் பொருட்கள், எங்கிருந்தோ கிடைத்த சில பத்திகள், இவற்றை வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் ஒத்திகை பார்த்து, அந்த ஒத்திகையிலேயே நாடகத்தைக் கண்டுபிடிக்கிறவர்கள். ஒரே வருடத்தில் அங்கிருந்து இரண்டு பேர் விலகினார்கள். ஒருவருக்கு வீட்டுச் சூழ்நிலை. மற்றவருக்கு இயக்குநரோடு ஒத்துப்போகவில்லை. அடுத்த தயாரிப்பு தொடங்குவதற்குள் இரண்டு பேரைச் சேர்க்க வேண்டும் என்று இரண்டு நாள் ஆடிஷன் வைத்தார்கள். தாங்கள் எப்படி முடிவெடுக்கிறோம் என்பதை வெளியாள் ஒருவர் பார்த்து எழுதி வைத்தால் நல்லது என்று என்னைக் கூப்பிட்டு ஓரமாக உட்கார வைத்தார்கள். எனக்கு ஓட்டு கிடையாது. குழுவின் பெயரோ வந்தவர்களின் பெயரோ இங்கே வராது. ஆளைக் காட்டிக்கொடுக்கும் விவரங்களையும் மாற்றியிருக்கிறேன்.

வழக்கமான ஆடிஷனில் பாத்திரம் ஏற்கெனவே தயாராக இருக்கும். அதற்கு வயது, குரல், உடல்வாகு பொருந்துகிறதா என்று பார்ப்பார்கள். இங்கே பாத்திரமும் இல்லை, நாடகமும் இல்லை. அப்படியானால் எதைப் பார்த்து எடுப்பது? குழுவினரைத் தனித்தனியாகக் கேட்டேன். வார்த்தைகள் வேறானாலும் எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: தினமும் எட்டு மணி நேரம் எங்களோடு ஒரே அறையில் வேலை செய்யக்கூடிய ஆள் வேண்டும். ஆனால் அவர்கள் போட்டு வைத்திருந்த தேர்வின் முதல் பாதி அதைச் சோதிக்கவே இல்லை. பாதி வழியில்தான் அது அவர்களுக்கே உறைத்தது. இந்த நிகழ்வில் எழுதி வைக்கத் தகுந்த விஷயம் என்று எனக்குப் படுவது அதுதான்.

இந்தச் சிக்கல் புதிதும் இல்லை. 1964-இல் நார்வேயின் ஓஸ்லோவில் நாடக இயக்குநர் யூஜெனியோ பார்பா ஓடின் டியட்ரெட் என்ற நாடகக் குழுவைத் தொடங்கியபோது, அரசு நாடகப் பள்ளி சேர்த்துக்கொள்ளாத இளைஞர்களைத் தேடிப் பிடித்துத்தான் ஆள் சேர்த்தார். வந்தவர்களில் பலர் பயிற்சியின் கடுமை தாங்காமல் கழன்றுகொண்டார்கள், நின்றவர்கள் ஒரு சிலர். 1966-இல் குழு டென்மார்க்கின் ஹோல்ஸ்டெப்ரோவுக்கு இடம் மாறியது. தொடக்கத்திலேயே சேர்ந்த டோர்கெய்ர் வெத்தால் 2010-இல் இறக்கும்வரை அந்தக் குழுவில்தான் இருந்தார். பள்ளிக்காரர்கள் தப்பாகத் தேர்வு செய்தார்கள் என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. அவர்கள் தேடிய ஆள் வேறு, பார்பாவுக்குத் தேவைப்பட்ட ஆள் வேறு.

அறிவிப்பு

குழு வெளியிட்ட அறிவிப்பு சுருக்கமானது. மூன்று நிமிடத் தனிநடிப்பு ஒன்று தயார் செய்து வர வேண்டும். வேஷமும் ஒப்பனையும் வேண்டாம், ஒரே ஒரு பொருள் கொண்டு வரலாம். இரண்டு நாளும் முழு நேரம் இருக்க வேண்டும். இதுவரை சரி. கடைசி வரிதான் வில்லங்கம்: "உடலாலும் மனதாலும் எதற்கும் தயாராக இருப்பவர்கள் மட்டும் விண்ணப்பிக்கவும்."

இந்த மாதிரி வரிகளைப் பரிசோதனை நாடகக்காரர்கள் ரொம்ப நாளாக எழுதி வருகிறார்கள். எழுதுகிறவருக்கு அது துணிச்சலாகத் தெரிகிறது. படிக்கிறவருக்கு அதில் ஒரு தகவலும் கிடைப்பதில்லை. தரையில் உருள வேண்டுமா, ஆடையைக் கழற்ற வேண்டுமா, யாராவது தொடுவார்களா, ராத்திரி பன்னிரண்டு மணிவரை நிற்க வேண்டுமா? எல்லாவற்றையும் "எதற்கும்" என்ற ஒரே சொல்லுக்குள் போட்டு மூடிவிட்டார்கள்.

விண்ணப்பித்தவர்களில் ஒருவர் மட்டும் பதிலுக்கு நான்கு கேள்விகள் அனுப்பினார். ஒத்திகைக் காலத்துக்கு ஊதியம் உண்டா? வாரத்துக்கு எத்தனை மணி நேரம்? உடல் தொடுகை, நிர்வாணம், வன்முறைக் காட்சி ஏதாவது திட்டத்தில் இருக்கிறதா? நான்காவதுதான் முக்கியமானது: ஒத்திகையில் நடிகர்கள் உருவாக்கும் வசனமும் அசைவும் கடைசியில் யாருடைய பெயரில் போகும்? கூட்டாகப் படைக்கும் குழுக்களில் பெரிய சண்டைகள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் வெடிக்கின்றன. நடிகர் ஒரு மதியம் போகிற போக்கில் பேசிய வசனம் நாடகத்தின் உச்சக் காட்சியாகிவிடும். விளம்பரத் தாளில் "எழுத்து, இயக்கம்" என்று ஒரே பெயர் இருக்கும்.

இயக்குநருக்கு எரிச்சல். "இவர் நடிக்க வருகிறாரா, வழக்குப் போட வருகிறாரா?" என்றார். ஒருங்கிணைப்பாளர் விடவில்லை. ஒருவர் கேட்டதற்குப் பதில் சொன்னால் எல்லோருக்கும் சொல்ல வேண்டும் என்று, நான்கு கேள்விக்கும் பதில் எழுதி விண்ணப்பித்த அத்தனை பேருக்கும் அனுப்பினார். அனுப்பிய பிறகு சிலர் விலகிக்கொண்டார்கள். வராமல் போனவர்களில் நல்ல நடிகர்களை இழந்திருப்போமே என்று இயக்குநர் பிறகு வருத்தப்பட்டார். அது வீண் வருத்தம் என்பது என் எண்ணம். ஊதியத்தையும் நேரத்தையும் கேள்விப்பட்டு விலகுகிறவர், சேர்ந்தாலும் மூன்றாவது வாரம் விலகத்தான் போகிறார்.

சிகாகோவில் ஒரு சிறு அரங்கில் நடிகர்கள் பல ஆண்டுகள் அனுபவித்த கொடுமைகள் 2016-இல் வெளிவந்தன. இப்படிப்பட்டவற்றைத் தடுக்க, அந்த ஊர் நாடகக்காரர்களே கூடி 2017-இல் சிகாகோ தியேட்டர் ஸ்டாண்டர்ட்ஸ் என்ற நெறிமுறையை வெளியிட்டார்கள். சட்டம் இல்லை, விரும்பிய குழு தானாக ஏற்றுக்கொள்ளும் ஏற்பாடு. அதில் ஆடிஷனுக்கென்றே தனிப் பகுதி உண்டு. நெருக்கமான காட்சியோ அபாயமான உடல் வேலையோ இருந்தால் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும் என்பதுதான் அதன் சாரம். அந்த நான்கு கேள்விகளும் கிட்டத்தட்ட அதே இடத்தில்தான் கை வைத்தன. இனி அவரைக் கேள்விக்காரர் என்றே சொல்கிறேன்.

நடை

முதல் நாள் காலை 18 பேர் வந்தார்கள். உடம்பைச் சூடுபடுத்திய பிறகு கொடுத்த முதல் வேலை, அறையில் நடப்பது. இடைவெளிகளை நிரப்பிக்கொண்டு நடக்க வேண்டும். யாரும் சைகை காட்டாமல் எல்லோரும் ஒரே நேரத்தில் நிற்க வேண்டும், பிறகு ஒரே நேரத்தில் கிளம்ப வேண்டும். பார்க்க விளையாட்டு மாதிரி இருக்கும். இதன் பின்னால் ஒரு வரலாறு உண்டு. நடனக் கலைஞர் மேரி ஓவர்லீ 1970-களில் நடனத்திலிருந்து எடுத்து வகுத்த வியூபாயிண்ட்ஸ் என்ற முறை ஆறு கூறுகள் கொண்டது. பிறகு நாடக இயக்குநர்கள் ஆன் போகார்ட்டும் டீனா லாண்டாவும் அதை நடிகர்களுக்காக விரித்து, உடலுக்கு மட்டும் ஒன்பது கூறுகளாக்கினார்கள். வேகம், நேர அளவு, வடிவம், மற்றவரிடமிருந்து இருக்கும் தூரம் எல்லாம் அதில் உண்டு. இந்த நடையில் முக்கியமாகத் தெரிவது, வெளியே நடக்கும் ஓர் அசைவுக்கு உடம்பு யோசிக்காமல் தரும் பதில்.

ஒருவர் ஒவ்வொரு தடவையும் முதலில் நின்றார். நல்ல உடம்பு, கூர்மையான பார்வை. நடனத்திலிருந்து வந்தவர் என்று நிற்கும் விதத்திலேயே தெரிந்தது. குழுவின் இளைய உறுப்பினர் என் காதில், "எவ்வளவு கவனம் பார்த்தீர்களா?" என்றார். எனக்கும் முதலில் அப்படித்தான் பட்டது. அப்புறம் பார்த்தால், அவர் நின்றதும் மற்றவர்கள் அவரைப் பார்த்து நிற்கிறார்கள். அதாவது அவர் அறையைக் கேட்கவில்லை, அறைதான் அவரைக் கேட்டுக்கொண்டிருந்தது. இயக்குநர் அவரிடம், "அடுத்த ஐந்து நிமிடம் நீங்கள் எதையும் தொடங்காதீர்கள்" என்றார். சிரித்தபடி தலையாட்டினார். அதன் பிறகு உண்மையிலேயே எதையும் தொடங்கவில்லை. தோள் இறங்கியது, நடை மாறியது. ஐந்து நிமிடம் முடிந்த பிறகும் அப்படியே தொடர்ந்தார். என் நோட்டில் அந்த இடத்தில் இரண்டு கோடு போட்டிருக்கிறேன்.

அடுத்து ஒலியும் அசைவும். ஜோசப் சைக்கின் 1963-இல் நியூயார்க்கில் தொடங்கிய ஓப்பன் தியேட்டர் குழுவின் பயிற்சி இது. ஒருவர் ஒரு ஒலியையும் அசைவையும் எடுத்துக்கொண்டு எதிரே இருப்பவரிடம் போவார். அவர் அதை வாங்கி, தன் உடம்பில் ஓடவிட்டு, மாறுகிறபடி மாறவிட்டு இன்னொருவரிடம் கொண்டு போவார். அன்று அது சுமாராகத்தான் நடந்தது. பாதிப் பேர் வாங்குவதற்கு முன்னாலேயே தங்களுடையதை யோசித்து வைத்திருந்தார்கள்.

மூன்று நிமிடம்

தனிநடிப்புக்கு மதிப்பெண் தாள் ஒன்று அச்சடித்து வைத்திருந்தார்கள். குரல், உடல், மேடை ஆளுமை, புதுமை என்று நான்கு கட்டம். எல்லாம் ஒருவர் தனியாகச் செய்து காட்டக்கூடியவை.

நாடகப் பள்ளியில் படித்து முடித்த ஒருவர், பிணவறையில் மகனின் உடலை அடையாளம் காட்ட வரும் தகப்பனை நடித்தார். அசந்துவிட்டோம். கதவைத் தள்ளும் கை, துணியை விலக்கப் போய் நின்றுவிடும் விரல்கள், "இது அவன் சட்டை இல்லையே" என்று சமாளிக்கும் குரல், பிறகு உடைவது. நான்கு கட்டத்திலும் அவருக்கு எல்லோரும் அள்ளிப் போட்டார்கள்.

இயக்குநர் ஒரு மாற்றம் சொன்னார். "இதையே சுவரைப் பார்த்து, வழி தெரியாதவர் ஒருவரிடம் வழி கேட்கிற தொனியில் சொல்லுங்கள். அழ வேண்டாம். அவசரமும் வேண்டாம்." நாடகப் பள்ளிக்காரர் சுவரைப் பார்த்துத் திரும்பினார். முதுகு மட்டும் தெரிந்தது. ஆனால் குரல் அதே இடத்தில் ஏறியது, அதே இடத்தில் இடைவெளி விட்டது, "சட்டை இல்லையே" வந்ததும் அதே நடுக்கம். திசையைத் தவிர வேறொன்றும் மாறவில்லை. இயக்குநர் மறுபடி கேட்டார், மறுபடியும் அதுவே வந்தது. மூன்றாவது தடவை கேட்கவில்லை, நன்றி சொல்லி உட்காரச் சொன்னார்.

அவருக்கு அடுத்து வந்தவர் இத்தனை நாள் நாடகங்களுக்கு ஒலி அமைத்தவர், மேடையில் ஏறியது குறைவு. பாதியில் வசனம் மறந்துவிட்டது. "மன்னிக்கணும், போயிடுச்சு" என்று நின்றார். சட்டென்று அறையில் ஒரு சங்கடம். இயக்குநர், "அந்த மறந்த இடத்தை மட்டும் திருப்பிச் செய்யுங்கள். ஒரு நிமிடம். வசனம் வேண்டாம்" என்றார். ஒலிக்காரர் கொஞ்சம் யோசித்தார். பிறகு செய்தார். வாய் ஒரு சொல்லுக்குத் தயாராகித் திறந்து, சொல் வராமல் அப்படியே நின்றது. கண் தரையில் எதையோ தேடியது. வலது கைக் கட்டைவிரல் மற்ற விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டு, விட்டுப்போன வார்த்தைகளை எண்ணுவது போல் ஓடியது. நான்காவது விரலில் வந்து வந்து நின்றது. அந்த ஒரு நிமிடம் யாரும் தாளில் எதுவும் எழுதவில்லை.

மதியம் மதிப்பெண்களைக் கூட்டினார்கள். நாடகப் பள்ளிக்காரர் முதலிடம். ஒலிக்காரர் கடைசியிலிருந்து மூன்றாவது. கூட்டி முடித்த ஒருங்கிணைப்பாளர் தாளைப் பார்த்துக்கொண்டே, "நாம் பார்த்ததற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லையே" என்றார். பென்சிலால் ஐந்தாவது கட்டம் ஒன்று கோடு போட்டு, மேலே "மாற்றம்" என்று எழுதினார். இயக்குநர் சொன்ன மாற்றத்தை வாங்கிக்கொண்டு என்ன செய்தார் என்பதற்கான கட்டம். காலையில் பார்த்ததை வைத்து எல்லோரும் அதை நிரப்பினார்கள், வரிசை தலைகீழானது.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பயிற்சி பெற்ற நடிகரைக் கண்டாலே உதட்டைச் சுழிக்கும் பழக்கம் பரிசோதனை நாடகக்காரர்களிடம் உண்டு. அதில் பாதி கொள்கை, பாதி பொறாமை. 1959-இல் போலந்தின் ஒபோலே ஊரில் வேலையைத் தொடங்கிய நாடக இயக்குநர் குரோட்டோவ்ஸ்கி, நடிகர் திறமைகளைச் சேர்த்துக்கொண்டே போவதைவிடத் தன் உடம்பில் இருக்கும் தடைகளை ஒவ்வொன்றாக நீக்க வேண்டும் என்று சொன்னார். அதை எடுத்துக்கொண்டு, "அப்போ ஒன்றும் தெரியாதவரே சிறந்தவர்" என்று முடிவு கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். குரோட்டோவ்ஸ்கியின் நடிகர்கள் குரலிலும் உடலிலும் எவ்வளவு கடுமையான பயிற்சி எடுத்தவர்கள் என்பதை மறந்துவிடுகிறார்கள். நாடகப் பள்ளிக்காரரின் பிரச்சினை அவருடைய பயிற்சி இல்லை. பூட்டி முத்திரை வைத்த ஒன்றைக் கொண்டு வந்திருந்தார், திறக்கச் சொன்னபோது சாவி கையில் இல்லை. ஆடிஷனுக்குத் தயார் செய்கிற எவரும் இதைக் கவனிக்கலாம்: தனிநடிப்பை ஒரே விதமாக நூறு தடவை சொல்லிப் பார்ப்பதைவிட, படுத்துக்கொண்டு, ஓடிக்கொண்டு, ரகசியமாக, கோபமாக, சம்பந்தமில்லாத ஒரு வேலையைச் செய்துகொண்டு என்று பல விதமாகச் சொல்லிப் பார்ப்பது இந்த வகைக் குழுக்களிடம் பலன் தரும்.

சலவை இயந்திரம்

இரண்டாம் நாள் ஆறு ஆறு பேராகப் பிரித்தார்கள். நான்கு நாற்காலி, ஒரு நீளத் துணி, சலவை இயந்திரத்தோடு வரும் பயன்பாட்டுக் குறிப்பின் ஒரு பக்கம். நாற்பது நிமிடத்தில் மூன்று நிமிடத்துக்கு ஏதாவது உருவாக்க வேண்டும். நாடகப் பள்ளிக்காரர், நடனக்காரர், ஒலிக்காரர் மூவரும் ஒரே குழுவில் விழுந்தார்கள்.

இரண்டாவது நிமிடத்திலேயே நாடகப் பள்ளிக்காரர், "எனக்கு ஒரு ஐடியா" என்றார். எல்லோருக்கும் நிம்மதி, முகத்தில் தெரிந்தது. நாற்காலி மேல் ஏறி ஒரு சர்வாதிகாரி போல அந்தக் குறிப்பை வாசிப்பது, மற்ற ஐந்து பேரும் துணியோடு சுழலும் இயந்திரம். வேகமாக வேலை நடந்தது. ஒருவர் மெதுவாக எதையோ சொல்ல வந்தார். "கடைசியில் அதைச் சேர்க்கலாம்" என்று பதில் கிடைத்தது, கடைசிவரை அது சேரவில்லை. ஒலிக்காரர் நாற்காலிக் காலில் நகத்தால் தட்டி ஒரு தாளம் பிடித்தார். யாரும் கேட்கவில்லை, அவரும் நிறுத்தவில்லை. செய்து காட்டியபோது நன்றாகவே இருந்தது. சிரித்தோம்.

இயக்குநர், "நல்லது. இப்போது வாசிப்பவரை எடுத்துவிட்டு உடனே மறுபடி செய்யுங்கள். பேசி வைத்துக்கொள்ள நேரம் கிடையாது" என்றார்.

நாடகப் பள்ளிக்காரர் இறங்கி ஓரமாகப் போனார். நடுவில் ஒரு காலி நாற்காலி. முதல் அரை நிமிடம் தடுமாற்றம். துணி நின்றுவிட்டது, இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அப்போதுதான் அந்த நகச் சத்தம் எல்லோருக்கும் கேட்டது. ஒலிக்காரர் விடாமல் தட்டிக்கொண்டிருந்தார். துணி அந்தத் தாளத்துக்கு மெதுவாக நகரத் தொடங்கியது. நடனக்காரர் காலி நாற்காலியைப் பார்த்து, குறிப்பில் இருந்த ஒரே ஒரு வரியை, "கதவு முழுமையாக மூடியிருப்பதை உறுதிசெய்யவும்" என்பதை, வீட்டை விட்டுக் கிளம்புகிற ஒருவரிடம் சொல்வது போல் சொன்னார். சிரிப்பு வரவில்லை. இரண்டாவது வடிவம் முதலாவதைவிட நன்றாக இருந்ததா என்று கேட்டால், ஒழுங்காக இருந்தது முதலாவதுதான். ஆனால் குழு எந்த மாதிரி நாடகம் போடுகிறதோ அதற்குப் பக்கத்தில் இருந்தது இரண்டாவது.

ஓரமாகப் போன நாடகப் பள்ளிக்காரர் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார். முடிந்ததும் தான் இருந்திருந்தால் முடிவை எப்படி மாற்றியிருப்பேன் என்று இயக்குநரிடம் விளக்கினார்.

அவர் பக்கம் பேசவும் ஆள் இருந்தது. குழுவின் மூத்த உறுப்பினர் அன்று மாலை சொன்னது எனக்கு நியாயமாகவே பட்டது. ஆடிஷன் என்று கூப்பிட்டு, தனிநடிப்பு செய்யச் சொல்லி, மதிப்பெண் போட்டுவிட்டு, திடீரென்று குழு வேலையில் ஒருவர் முந்திக்கொண்டால் அது குற்றமா? தலைவர் யாரும் இருக்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லையே. நாற்பது நிமிடம் என்று கடிகாரத்தைக் காட்டினால் யாராவது பொறுப்பெடுக்கத்தான் செய்வார்கள். அவருடைய பேச்சில் விஷயம் இருந்தது. அந்தச் சூழலில் அமைதியாக இருப்பதும் ஒரு உத்திதான். சிலர் வேலையைத் தட்டிக்கழிக்கவே அடக்கமாக இருப்பார்கள். ஒலிக்காரர் அடக்கமானவரா, வேலையை விடாதவரா என்று பிரித்துக் காட்டியது ஆளைக் கழற்றிய அந்த இரண்டாவது சுற்று மட்டும்தான். அதை வைக்காமல் விட்டிருந்தால் இந்தப் பயிற்சியும் இன்னொரு தனிநடிப்பாகவே முடிந்திருக்கும்.

விழ மாட்டேன் என்றவர்

பிற்பகலில் கண்ணைக் கட்டி நடத்திக்கொண்டு போய், சொன்ன இடத்தில் பின்பக்கமாகச் சாய்ந்து விழும் பயிற்சி. பின்னால் நான்கு பேர் பிடிப்பார்கள். கேள்விக்காரரின் முறை வந்தபோது, "முழங்காலில் அடிபட்டிருக்கிறது. கண்ணைக் கட்டி நடக்கிறேன், விழ மாட்டேன். வேண்டுமானால் பிடிக்கிறவர்களில் ஒருவராக நிற்கிறேன்" என்றார். தொனியில் மன்னிப்பும் இல்லை, முறைப்பும் இல்லை. அப்படியே பிடிக்கிற வரிசையில் போய் நின்றார். விழுகிற ஒவ்வொருவரிடமும், "நாங்கள் தயார்" என்று குரல் கொடுத்துவிட்டுத்தான் கை நீட்டினார். மற்றவர்கள் அதுவரை அதைச் செய்யவில்லை. அதன் பிறகு எல்லோரும் செய்தார்கள்.

இதை எப்படி எடுத்துக்கொள்வது என்பதில் குழு இரண்டாகப் பிரிந்தது. நம்பிக்கை இல்லாதவர், நமக்கு ஒத்துவர மாட்டார் என்றது ஒரு பக்கம். தன் உடம்பின் எல்லை தெரிந்தவர், மாற்று வழியும் சொன்னவர், இவரைப் பற்றி ஒத்திகையில் பயப்பட வேண்டியதே இல்லை என்றது இன்னொரு பக்கம். நான் முழுக்க இரண்டாவது பக்கம்தான். குருவே எல்லாம் என்ற மயக்கத்தில், வலியைத் தாங்குவதையே ஈடுபாட்டின் அளவுகோலாக்கிய குழுக்கள் பரிசோதனை நாடகத்தில் நிறைய இருந்திருக்கின்றன. முடியாது என்று சொல்லத் தெரியாத நடிகர் சரி என்று சொல்வதற்கும் மதிப்பு இல்லை. அவர் சம்மதித்துச் செய்கிறாரா, பயந்து செய்கிறாரா என்று இயக்குநருக்குக் கடைசிவரை தெரியாது.

முடிவு எடுத்தது

பேசத் தொடங்குவதற்கு முன் ஒவ்வொருவரும் நான்கு பெயரும் ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணமும் எழுதி மடித்து வைக்க வேண்டும் என்று ஒருங்கிணைப்பாளர் சொன்னார். காரணம் கண்ணால் பார்த்ததாக இருக்க வேண்டும், "கெமிஸ்ட்ரி" என்று எழுதக் கூடாது. அமெரிக்க இசைக்குழுக்கள் பல, 1970-களிலிருந்து வாசிப்பவரைத் திரைக்குப் பின்னால் உட்கார வைத்துத் தேர்வு செய்யும் பழக்கத்துக்கு வந்தன. முகம், பாலினம், நிறம் எதுவும் கண்ணில் படாமல் இருக்க அந்த ஏற்பாடு. நடிகரைத் திரைக்குப் பின்னால் வைக்க முடியாது. தலைமை என்ன நினைக்கிறது என்று தெரிவதற்கு முன்பே தன் கருத்தை எழுதி வைப்பது, நாடகத்தில் அதற்குப் பக்கத்தில் வரக்கூடிய ஒரே வழி. பிரித்துப் பார்த்தபோது, இயக்குநர் எழுதிய நான்கில் மூன்று பேர் இடைவேளைகளில் அவரோடு நின்று சிரித்துப் பேசிக்கொண்டிருந்தவர்கள். அவரே அதைக் கவனித்துச் சொன்னார்; அதற்காக ஒரு பெயரையும் அடிக்கவில்லை.

நேர்காணலைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. ஒரு கேள்வி மட்டும் வேலை செய்தது: ஒத்திகையில் நீங்கள் வாதாடித் தோற்ற ஒரு விஷயம் சொல்லுங்கள். பலர் கடைசியில் தாங்களே சரி என்று நிரூபணமான கதையைச் சொன்னார்கள். நடனக்காரர் மட்டும் உண்மையிலேயே தோற்ற ஒன்றைச் சொல்லி, அது தோற்றதில் நாடகத்துக்கு என்ன லாபம் என்றும் சொன்னார்.

ஒலிக்காரரையும் கேள்விக்காரரையும் எடுத்தார்கள். நேரடியாக உறுப்பினராக இல்லை, நான்கு வாரம் ஊதியத்தோடு சோதனைக் காலம். இரண்டு தரப்பும் காரணம் சொல்லிப் பிரியலாம். ஓடின் டியட்ரெட்டில் ஒரு காலகட்டத்தில் புதியவர்களை மூத்த நடிகர்கள் தங்கள் சொந்தப் பொறுப்பில், தத்து எடுப்பது போல, சேர்த்துக்கொண்டு பழக்கினார்கள். அந்த யோசனையை இவர்களும் கொஞ்சம் எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு புதியவருக்கும் ஒரு பழைய உறுப்பினரைப் பொறுப்பாக்கினார்கள். ஊதியம் விஷயத்தில் எல்லோருக்கும் ஒரே தொகை. பிரெஞ்சு இயக்குநர் ஆரியான் முனூஷ்கினின் தியாட்டர் டு சொலேய் நாடகக் குழு பல காலமாகக் கடைப்பிடிக்கும் வழக்கம் அது.

ஒலிக்காரர் சோதனைக் காலம் முடியுமுன் விலகிவிட்டார். மேடையில் நிற்பதைவிட மேடைக்குச் சத்தம் தருவதுதான் தனக்குப் பிடித்திருக்கிறது என்று தெரிந்துகொண்டேன் என்றார். இப்போது அதே குழுவுக்கு ஒலி அமைக்கிறார், ஒத்திகை முழுக்க அறையில்தான் இருக்கிறார். அவர் இடத்துக்கு நடனக்காரரைக் கூப்பிட்டார்கள். கேள்விக்காரர் நிலைத்துவிட்டார். அவருடைய நான்காவது கேள்விக்குப் பதிலாக, நாடகத்தின் பிரதி எல்லோருடைய பெயரிலும் போகும் என்று ஒரு பக்க ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்தானது. இயக்குநர் கடைசியாகக் கையெழுத்துப் போட்டார்.

தேர்வாகாதவர்களுக்கு எழுதிய கடிதங்களில், அவரவர் செய்ததில் கவனித்த ஒரு நல்ல விஷயத்தையும் தடையாக இருந்த ஒன்றையும் இரண்டு வரியில் சொன்னார்கள். பெரும்பாலான குழுக்கள் இந்தச் சிரமம் எடுப்பதில்லை. அத்தனை கடிதமும் எழுத ஒரு மாலை போதும். நாடகப் பள்ளிக்காரர் திருப்பிக் கோபமாக எழுதினார். மாற்றம் கேட்கப் போவதாக முன்பே சொல்லியிருக்க வேண்டும் என்றார். ஒருங்கிணைப்பாளர் அது நியாயம் என்று பதில் போட்டார். அவரை அடுத்த தயாரிப்புக்கு ஆடிஷன் இல்லாமலேயே கூப்பிட வேண்டும் என்று இயக்குநர் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார். மற்ற ஐந்து பேரில் மூவருக்கு இன்னும் சம்மதமில்லை.